தலை தட்டும் கோடு

கூரை போடு என்றால்
ஒரே சொடுக்கில் போட்டுவிடும்.
அதற்குள்ளே ஒரு மச்சு வேண்டும் என்றால்தான்
இந்த மென்பொருளுக்கு விளங்காது.
சுவர்களை எட்டடி வளர்த்து
ஓட்டைத் துளைத்து வெளியே நிறுத்தும்.
மேலிருந்து பார்த்தால்
வீட்டுக்குப் பல் முளைத்த மாதிரி.

மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே
ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் என் அறை.
பேருந்து ஒன்று தலைக்கு மேல் போனால்
சுட்டி தானாக அரை அங்குலம் நகரும்.
அருமனையில் ஏழு சென்ட்,
சுற்றிலும் ரப்பர்.
மஸ்கட்டில் நர்ஸ் வேலை பார்க்கும்
மெர்லின் சுபாவின் வீடு.
மூன்று மாதமாக
அவளுக்கும் ஆன்றோவுக்கும் நடுவில்
இருபத்திரண்டு பாகை.

கூட்டினால் ஓடு கூடும், மரம் கூடும்,
அவள் ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷம் கூடும்.
கூட்டாவிட்டால்
“நான் என்ன தவழணுமா?”
என்பான் ஆன்றோ.
ஆறடி ஒன்று.
அவன் பேசும்போது
கைப்பேசித் திரையில்கூட நெற்றி அடங்காது.

நான் ஒவ்வொரு சுவராகப் பிடித்து
மேல்விளிம்பைச் சாய்வோடு ஒட்டவைத்தேன்.
ஓரச் சுவர் மூன்றடி.
முகடு ஏழடி.
தட்டை விதானத்தை அழித்ததும்
அறைக்குள் முதல்முறையாகச் சாய்வு இறங்கியது,
பாதி மூடிய புத்தகத்துக்குள்
உட்கார்ந்திருக்கிற மாதிரி.

அளவுக்காக ஒரு ஆளை வைத்தேன்.
மென்பொருளோடு வருகிற ஆள்தான்,
சாம்பல் நிறம், முகம் கிடையாது,
ஐந்தடி ஒன்பது.
ஓரத்திலிருந்து நாலடி தள்ளித்தான் நிறுத்தினேன்.
கழுத்து வரை அறைக்குள்.
தலை ஓட்டுக்கு மேலே.

அன்று இரவு ஷிஃப்ட் முடித்து
அதைப் பார்த்த சுபா சிரித்தாள்.
நல்ல சிரிப்பு.
அப்புறம் கேட்டாள்:
“அக்கா, அந்தாள எடுத்துட்டு
என்னைய வைங்க.
நாலடி பதினொண்ணு.”

வைத்தேன்.
நடந்தாள்.
நடந்துகொண்டே இருந்தாள்.
குனியாமல் நிற்க எங்கே முடியும் என்று
தரையில் கோடு போட்டேன்:
பத்தரை அடி அகலம்.
அவனுக்கு எவ்வளவு என்றாள்.
முகட்டுக்கு நேர் கீழே
நாலே முக்கால்.

ஒரே கூரை. ஒரே பாகை.
யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்து
அறை விரிகிறது, சுருங்குகிறது.
இதை நான் கல்லூரியில் படித்திருக்கலாம்,
நினைவில்லை.

அடுத்தமுனையில் கொஞ்ச நேரம்
குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும்.
“பாகை அப்படியே இருக்கட்டும்” என்றாள்.
“ஆனா அந்தத் தலை வந்த எடத்துல
ஒரு சன்னல் போட்டுருங்க.
எந்திரிச்சா அவரு மலையப் பாக்கட்டு.”

போட்டேன்.
கூரையை வெட்டி, சின்னதாய்
இன்னொரு கூரையை அதன்மேல் உட்காரவைத்து,
இருபுறமும் கன்னச்சுவர்.
சாம்பல் ஆள் திரும்பி வந்தான்.
கழுத்து உள்ளே, தலையும் உள்ளே,
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
நான் ஒட்டிவைத்த மலை.
ஆன்றோ பெருவிரல் ஒன்று அனுப்பினான்.
மூன்று மாதத்தில் அவன் அனுப்பிய
ஒரே மறுப்பில்லாத சேதி.

வரைபடத்தை அச்சடித்து
நேசையன் மேசிரியிடம் கொடுத்தேன்.
சன்னலைப் பார்க்கவில்லை அவர்.
சின்னக் கூரையும் பெரிய கூரையும்
முட்டிக்கொள்ளும் மூலையில்
விரலை வைத்தார்.
விரலில் சிமெண்ட்.
படத்தில் அந்த இடம் மட்டும் மங்கியது.

“ரண்டு மழ உள்ள ஊராக்கும்.
இதுல விழுற வெள்ளம்
எங்கோட்டு போவும்?”

திரும்பி வந்து
மென்பொருளைத் திறந்தேன்.
சூரியனை எந்த மாதத்திலும்
எந்த மணியிலும் நிறுத்தலாம்.
நிழல் துல்லியமாக விழும்.
மழைக்கு ஒரு பொத்தான்
எல்லாப் பட்டியலிலும் தேடினேன்.

வெளியே பெய்துகொண்டிருந்தது.
மேம்பாலத்தின் இணைப்பு வழியாகச் சொட்டிய நீர்
ஜெராக்ஸ் கடைக்காரன் வைத்த வாளிக்குள்
சரியாக விழுந்தது.

அந்த மூலையைப் பெரிதாக்கி
ஒரு தகரப் பள்ளம் வரையத் தொடங்கினேன்,
கையால்,
பென்சிலில்.